நீங்க இல்லாதப்ப பேசுனது

எங்கள் வீட்டு அலுமாரிக்கு அடியில் ஒரு பழைய கணினி இருக்கிறது. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, ஒரு பச்சை விளக்கு மட்டும். மாத்தளை ரயில் எங்கள் மஹய்யாவவைக் கடக்கும்போது வீடு லேசாக நடுங்கும். அந்த விளக்கும் சேர்ந்து நடுங்குவதாக எனக்குத் தோன்றும். லீவு நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்து பாய் போட்டுப் படுத்தால் அதன் விசிறிச் சத்தம் காதருகே கேட்கும். அதற்குள் யார் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன். இடி இடித்தால் என் கணவர் டிவி, பிரிட்ஜ் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுவார். இதைத் தொட மட்டும் நான் விடமாட்டேன். இதற்கென்று தனியாக ஒரு பேட்டரி வைத்திருந்தேன்.

அது இணையத்தில் பேசிக்கொள்வதற்கான ஓர் அரட்டை மென்பொருளின் பாதி. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், எந்தக் கணினியிலும் ஓடும். அதை இரண்டு துண்டாகச் செய்திருக்கிறார்கள். ஒரு துண்டு வீட்டோடு கிடந்து, எந்நேரமும் அரட்டை அறையில் உட்கார்ந்திருக்கும். அங்கே பேசப்படுவதை ஒரு வரி விடாமல் எடுத்துவைக்கும். இன்னொரு துண்டு வெறும் முகம். அதை நான் வேலை செய்யும் கந்தோர் கணினியில் திறக்கலாம், கைபேசியில் திறக்கலாம், அலுத்துப்போனால் மூடலாம். மூடினாலும் மற்றவர்களுக்கு என் பெயர் அறையில் தெரிந்துகொண்டேயிருக்கும். நான் வாவிக்கரையில் பஸ்ஸுக்கு நிற்பேன், கந்தோரில் கோப்புக் கட்டோடு மல்லுக்கட்டுவேன், என் பெயர் மட்டும் அங்கே அசையாமல் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு கிறக்கமே இருந்தது.

அந்த மென்பொருளைத்தான் நாங்கள் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். ஏழெட்டுப் பேராக ஆரம்பித்து, ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம். மற்றவள் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவள். நாங்கள் சந்தித்ததில்லை. போன் நம்பர்கூட மாற்றிக்கொள்ளவில்லை, எல்லாப் பேச்சும் அந்த அரட்டை அறையில்தான். அவளிடம் இப்படியொரு பெட்டி கிடையாது, கைபேசியில் வந்து பேசிவிட்டுப் போவாள். அவளுக்குக் கல்யாணமாகாத ஓர் அக்கா. கொழுந்து பறித்துவிட்டு வந்து, தங்கச்சியின் கைபேசியை எட்டிப் பார்த்து, "டவுன் பிள்ளை என்ன சொல்லுது?" என்று கேட்பாளாம். நான் எழுதியதை இவள் வாசித்துக்காட்ட, அக்கா சொன்ன கருத்தை அப்படியே தட்டி எனக்கு அனுப்புவாள். அந்த அக்காவின் குரலை நான் கேட்டதேயில்லை. ஆனாலும் எனக்குப் பழகிப்போயிருந்தது.

சண்டை ஒரு பொத்தானால் வந்தது. முகத்தைத் திரும்பத் திறக்கும்போது, நாம் இல்லாத நேரத்தில் வந்த பேச்சையெல்லாம் காட்டும் பொத்தான். நான் 'நிலுவைச் செய்திகள்' என்று போட்டிருந்தேன். அக்காவுக்கு அது விளங்கவில்லை. 'நீங்க இல்லாதப்ப பேசுனது' என்று எழுதச் சொன்னாளாம். கந்தோரில் அன்று எனக்கு நல்ல ஏச்சு விழுந்திருந்தது. அந்த எரிச்சலில், தோட்டத்துப் பேச்செல்லாம் மென்பொருளுக்கு ஆகாது என்று எழுதிவிட்டேன்.

தெருக் கூட்டுகிறவர்கள் குடியிருக்கும் மஹய்யாவக்காரி என்றதும் டவுனில் சிலர் எப்படிப் பார்ப்பார்கள் என்பதைப் பிறந்ததிலிருந்து அனுபவித்தவள் நான். அதே இளக்காரத்தை என் கையாலேயே எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள், "அக்கா பக்கத்துலதான் இருக்கா. வாசிச்சுக் காட்டிட்டேன்" என்று மட்டும் எழுதினாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. முகத்தை மூடினேன், பெயரை விட்டுவைத்தேன். இருக்கிறேன், ஆனால் பேசமாட்டேன் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான். பக்கத்து வீட்டுக்காரியோடு கோபம் வந்தால் வாசலிலேயே நின்று முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அதுதான். அப்படிப் பதினெட்டு நாள் போனது. மழையும் விடாமல் பெய்தது. அலுமாரியடியில் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன், கை மட்டும் போகாது.

ஒரு சனிக்கிழமை காலையில் திறந்தேன். சமாதானத்துக்கு என்று சொன்னால் பொய். அவள் இறங்கி வந்திருக்கிறாளா என்று பார்க்கத்தான். நான் போட்ட அதே 'நிலுவைச் செய்திகள்' பொத்தானை அழுத்தினேன். வரிகள் கொட்டின.

"அக்கா காலையில போயிட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே."

"நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம். தெல்தோட்டை பஸ்ஸுல வந்து கோயிலடியில இறங்குங்க. சாவு வீடு எதுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க."

"இருக்கீங்களா?"

பதினைந்து நாளைக்கு முந்தைய திகதி. அதற்குக் கீழே இன்னும் எவ்வளவோ இருந்தது. நான் வாசிக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்குள் கல்யாணத்துக்கு அழைப்பு வராவிட்டால் வருஷக்கணக்கில் கோபித்துக்கொள்ளலாம். சாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. காதில் விழுந்தால் போய்விட வேண்டும். சேதி தெரிந்தும் போகாதவளுக்கு அதற்குப்பிறகு அந்த வீட்டோடு ஒன்றுமில்லை. என் பெயர் அந்த அறையில் பதினைந்து நாளும் இருந்திருக்கிறது. அப்படியென்றால் நான் கேட்டிருக்கிறேன், கேட்டும் போகவில்லை. அவள் வேறென்ன நினைப்பாள்? இருந்த ஒரே சிநேகிதியையும் தொலைத்துவிட்டேன்.

கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினேன். பேராதனை தாண்டி, கலஹா தாண்டி, பஸ் மேலே போகப்போக மூட்டம் இறங்கி ஜன்னலை மூடிக்கொண்டது. தேயிலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை, மறுபடி தெரிந்தது. கண் சொருகியது. அரைத்தூக்கத்தில், அந்த அறை ஒரு நிஜமான அறையாகத் தெரிந்தது. இரண்டு கதிரைகள். ஒன்றில் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். எதிர்க் கதிரையில் என் சேலை மட்டும் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறது. கோயிலடி என்று கண்டக்டர் கத்தியதும் விழித்தேன்.

வீட்டைக் காட்டினார்கள். முன்னறையில் அவள் கருமாதிக்குப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நினைத்ததைவிட உயரம். இன்னார் என்று சொன்னேன். கையைத் துடைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வாங்க. உட்காருங்க."

கோபமாகக் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வரலைன்னு மொதல்ல கோவம் இருந்துச்சு" என்றாள். "அப்புறம் பேரு இருந்துச்சுல்ல. பேசலைன்னாலும் கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். தெனமும் பேசுனேன்."

இதை இப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. ஆமாம், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னால் அவளுக்கும் ஆறுதல், நானும் தப்பித்துக்கொள்வேன். ஆனால் அந்தத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"நான் கேக்கலைங்க. கோவத்துல மூடிட்டுப் போயிட்டேன். பேரு தானா நிக்கும். வீட்டுல ஒரு பெட்டி இருக்கு, அது நிறுத்திவைக்கும். நான் இன்னைக்குத்தான் பாத்தேன்."

அவள் ஒரு தட்டைத் துடைத்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அப்ப நான் யாருகிட்ட பேசுனேன்?"

வாய் சும்மா இருக்காமல், "அக்கா சொன்னதையே அந்தப் பொத்தானுக்குப் போட்டுடுறேன்" என்றேன்.

"இப்ப எதுக்கு? அக்கா பாக்கவா போறா?"

சரியான அடி. வாங்கிக்கொண்டேன். வெளியே யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. தட்டுகள் முடிந்து டம்ளர்களுக்கு வந்தபிறகு அவள் கேட்டாள்.

"அந்தப் பெட்டியில எல்லாம் இருக்கா? நான் பேசுனது?"

"ஒரு வரி விடாம இருக்கு."

"அப்ப வாசிங்க. நான் கேக்குறேன்."

கைபேசியில் முகத்தைத் திறந்தேன். அலுமாரியடியிலிருந்து அந்தப் பெட்டி பதினைந்து நாளையும் மலைக்கு அனுப்பியது. சத்தமாக வாசித்தேன். அக்காவை எடுத்துப்போகும்போது மழை விட்டது. அக்காவின் கொழுந்துக் கூடையை யாரோ கேட்டது, கொடுக்க மனம் வராதது. ஆறாம் நாள் தூக்கத்தில் அக்கா வந்து, டவுன் பிள்ளை என்ன சொல்லுது என்று கேட்டது. இடையிடையே 'இருக்கீங்களா?' என்று ஒரு வரி வந்தது. முதல் தடவை வந்தபோது நிறுத்தி, "இருக்கேன்" என்றேன். அடுத்த தடவையும் சொன்னேன். பக்கத்துவீட்டு விஷயத்தைக் கேட்பவள் மாதிரி அவள், டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். மூட்டம் வாசல்வரை வந்து நின்றது.

கடைசி வரி அன்று காலை எழுதியது. அதைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்தினேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"ஒரு வரி இருக்கு."

"அதையும் வாசிங்க. நான் எழுதுனதுதானே."

வாசித்தேன்.

"நாளைக்குக் கருமாதி. நீங்க வரலைன்னாலும் பரவாயில்ல. பேரை மட்டும் எடுத்துறாதீங்க."