தம்பியின் தகடு

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் திசுக்களுக்குச் சாயம் ஏற்றுகிறவரைச் சாயக்கா என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருஷமாக அதே மேசை. எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கும் நான் பக்கத்து மேசைக்கு வந்து சேர்ந்தது அவர் செய்த பாவம்.

மூளைக் கட்டி வந்தால் அக்கா தேடுவது ஒரு நொதியை. செல் சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு. சில கட்டிகளில் அந்த நொதி மாறிப்போயிருக்கும். அப்படி மாறியிருந்தால், சாயம் ஏற்றும்போது திசு பழுப்பாகும். பழுப்பு என்றால் கட்டி மெல்ல வளரும், ஆயுளில் சில வருஷங்கள் கூடும். பழுப்பு வராவிட்டால் பெரும்பாலும் மாதக்கணக்குதான். சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று தெரிய, ஒவ்வொரு கண்ணாடித் தகட்டின் ஓரத்திலும் கட்டாயம் பழுப்பாகிற பழைய திசு ஒன்றை வைப்போம். அதற்குப் பெயர் கண்ட்ரோல். அதை நோயாளியுடையது என்று நினைத்துவிடக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அக்கா சொல்லித்தரும் முதல் பாடமே இதுதான்.

போன மாதம் அவருடைய தம்பியின் கட்டி எங்களிடமே வந்தது. சொந்தக்காரர் என்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அது தம்பியுடையது என்று அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. தானே சாயம் ஏற்றி, தானே பார்த்து, தம்பி மனைவிக்கு போன் செய்தார்.

"பழுப்பு வந்திருக்கும்மா. இனிமே பயப்படாத."

மதியம் டாக்டர் அந்தத் தகட்டைப் பார்த்தார்.

"கண்ட்ரோல் நல்லா வந்திருக்கு. பேஷண்டோடதுல ஒண்ணுமே ஏறல."

அக்கா மறுபடி குனிந்து பார்த்தார். ஓரத்துத் துண்டு மட்டும்தான் பழுப்பு. எனக்கு அவர் மேல் அப்படியொரு கோபம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தப்பு, அதையும் இன்றைக்கா செய்ய வேண்டும்? அவர் அழவில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அங்கேயே நின்று தம்பி மனைவிக்கு மறுபடி போன் செய்தார். எடுத்தது தம்பி.

"தப்பாப் பாத்துட்டேன்டா. அது உன்னோடது இல்ல."

பக்கத்து மேசையில் இருந்த எனக்கும் தம்பியின் குரல் கேட்டது.

"அவகிட்ட இன்னிக்கு சொல்லாதக்கா. மூணு வாரம் கழிச்சு இப்பதான் தூங்குறா."

"சரிடா" என்றார் அக்கா. புதுக் கையுறை மாட்டிக்கொண்டு அடுத்த தகட்டை எடுத்தார்.