புறங்கையால் தொட்டுப் பார்த்தவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஓரத்தில் மெஸ் நடத்துகிறேன். விறகுப் புகையில் பத்து வருடமாக எரிந்த கண்கள் என்னுடையவை. பழைய செங்கல் அடுப்புக்குள்ளேயே விறகு எரிக்கக் கதவு வைத்த இரும்புப் பெட்டியைப் பொருத்தினால், புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும் என்றார்கள்.

பொருத்த வந்தவர் உருக்காலையில் காலை ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். புருவம் கருகியிருந்தது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நின்றுகொண்டே வேலை பார்த்தார்.

பெட்டியைச் சுற்றி ஒரு விரல் சந்து விட்டிருந்தார். “அதுல சிமென்ட்டு பூசிடுங்கணா, பொக வரப்போவுது” என்றேன்.

“வோணாம்மா. இரும்பு சூடானா வீங்கும். எடம் வுடலன்னா செவுத்தையே பொளந்துடும்.”

சந்தில் பாய்லர் கதவுக்கு வைக்கிற, தீப்பிடிக்காத நார்க்கயிற்றைத் திணித்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தார். சூடு ஏற ஏற, செங்கல்லைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னாணா, பொறங்கையாலயே பாத்துக்கினு இருக்கீங்க?”

“உள்ளங்கைக்குச் சூடு தெரியறதில்லம்மா. இருவது வருசம் பர்னஸ் முன்னாடி நின்னாச்சு.”

டீ கொடுத்தேன். கிளாஸைப் புறங்கையில் ஒற்றிப் பார்த்த பிறகுதான் வாயில் வைத்தார்.

அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. அடுப்படியில் இப்போது துளிப் புகை இல்லை. ஆனாலும் பெட்டிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் என் கண்கள் தாமாகவே இறுக மூடிக்கொள்கின்றன. என் பத்து வருடப் புகையே இன்னும் போகவில்லை. அந்த உள்ளங்கையிலிருந்து இருபது வருடச் சூடு எப்போது இறங்குமோ!