கடலில் எறிந்த சொத்து

இலையுதிர்காலக் கடைசிப் புயலில் போன கப்பல் திரும்பவில்லை. கொரிந்து நகரத்து எண்ணெய் வியாபாரி லைக்கோனின் சொத்து முழுவதும் அதில்தான் இருந்தது. சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பிறகு கிழிந்த போர்வை, தடி, தோள்பை சகிதம் சந்தைக்குக் கிளம்பினான்.

அங்கே இதே கோலத்தில் திரியும், ஊரார் 'நாய்கள்' என்று கேலி செய்யும் ஞானிகள் இருந்தார்கள். எதுவும் வேண்டாதவனே பலசாலி, வறுமை அவனுக்கு உடற்பயிற்சி என்பது அவர்கள் கட்சி. வறுமை தானாகவே வந்துவிட்டதால் பாதிப் படிப்பு முடிந்தது என்று லைக்கோன் தன்னையே கிண்டல் செய்துகொண்டான்.

"உன் சொத்தெல்லாம் எங்கய்யா?" என்று ஒருவன் கேட்டான்.

"கடல்ல எறிஞ்சுட்டேன்."

வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் கூட்டம் வாயைப் பிளந்தது. அதைத் திருத்த அவனுக்கு மனம் வரவில்லை. குளிர்காலம் முழுக்க அந்த ஞானிகளோடு அவித்த பருப்பைத் தின்று, கோயில் தாழ்வாரத்தில் படுத்து, பலத்தைப் பற்றிப் பேசினான்.

வசந்தம் பிறந்தது. ஒருநாள் பேச்சின் நடுவே மாலுமி கிளைட்டோஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"முதலாளி! பாய்மரம் முறிஞ்சு கைதெரா தீவுல ஒதுங்கிட்டோம். குளிர் முடிஞ்சு கடல்ல கப்பல் விட ஆரம்பிச்சதும் கிளம்பி வந்தோம். ஒரு ஜாடி உடையலே!"

கூட்டம் மொத்தமும் லைக்கோன் பக்கம் திரும்பியது.

"எறிஞ்சது திரும்பி வந்துடுச்சு போல," என்றான் மீன்காரன். "மறுபடி எறியணும்ல? நாங்களும் கை கொடுக்கறோம்!"

லைக்கோனுக்குக் காது வரை சூடேறியது. ஒரு தலைமுறைக்குப் போதுமான எண்ணெய் துறைமுகத்தில் நிற்கிறது. தான் நிற்பதோ கிழிசல் போர்வையில். அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நான் எங்கேப்பா எறிஞ்சேன்? அது தானா போச்சு, தானா வந்துச்சு. நடுவுல ஞானி நான்தான்!"

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. கப்பல் வந்த சேதி கேட்டு வந்திருந்த அவன் மனைவி மிர்ரினே மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் என்ன நிக்கறீங்க? தடியைக் கொண்டாங்க, துறைமுகத்துக்குக் கழுதையை ஓட்ட ஆகும்," என்றாள்.

அன்று சூடான ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத் தின்றபோது அவனுக்கு ஒன்று உறுத்தியது. பசியும் குளிரும் தன்னைக் கொல்லவில்லை. சில நாள் காலையில் காரணமில்லாமல் சந்தோஷமாகக்கூட இருந்தது. குளிர்காலம் முழுக்க அவன் பேசியதில் அது ஒன்றுதான் நிஜம். தாடியில் எண்ணெய் வழிய அதை யாரிடம் போய்ச் சொல்வது? இன்னொரு ரொட்டி கேட்டான்.