ஐந்து நாட்டு அதிகாரியும் என் மகளின் மாத்திரையும்

என் தம்பி ஐந்து நாடுகளுக்கு அதிகாரி. அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்வான். உண்மையில், மருந்துக்கு அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகத்தில், இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய மேஜை அவனுடையது. அந்த அலுவலகத்துக்கு நேர் எதிரேதான் என் ஜெராக்ஸ் கடை. அவன் மேஜைக்குப் போகிற காகிதத்தில் பாதி என் மெஷினில் சூடாகிவிட்டுத்தான் போகும். அதனால் அவன் லட்சணம் எனக்கு வீட்டு வழியிலும் தெரியும், தொழில் வழியிலும் தெரியும். அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'. இவனுக்கு அதில் பெருமை வேறு.

சின்ன வயதிலேயே அப்படித்தான். அம்மா உப்புப் பார்த்து இறக்கி வைத்ததை இவன் மறுபடி ருசி பார்த்து, தன் கையால் ஒரு சிட்டிகை போட்டால்தான் சாப்பிட உட்காருவான். கரிக்கும். நாங்கள்தான் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துத் தொலைப்போம். அந்தக் கைதான் இப்போது ஒரு நாட்டுக்கே உப்புப் பார்க்கிறது.

ஐந்து நாட்டுக் கதை இதுதான். அக்கம்பக்கத்து நாடுகள் ஐந்தும் கூடி ஒரு நல்ல காரியம் செய்தன. ஒரே மருந்தை ஐந்து இடத்தில் தனித்தனியாக ஆராய்ந்து காலத்தைக் கடத்துவானேன்? ஐந்து நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து, வேலையைப் பிரித்துக்கொண்டு, ஒரே அறிக்கை எழுதலாம். அதை வைத்து அவரவர் நாட்டில் அனுமதி கொடுக்கலாம். மூளை உள்ளவன் எவனோ யோசித்திருக்கிறான். அந்தக் கூட்டத்துக்கு இங்கிருந்து போனது நம் சந்தேகம். புது சூட்கேஸ், கழுத்தில் பெயர் போட்ட அட்டை. திரும்பி வந்தபோதும் அட்டையைக் கழற்றாமலே தெருவில் நடந்து வந்தான்.

அங்கே அவர்கள் பார்த்த மருந்துகளில் ஒன்று வலிப்புக்கானது. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு வலிப்பு. பழைய மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூங்கி வழிவாள்; அப்படியும் அவ்வப்போது விழுவாள். ஒருமுறை மாடிப்படியில் விழுந்து முன்பல் போயிற்று. "புது மாத்திரை இவளுக்கு நல்லா ஒத்துக்கும்மா. ஆனா நம்ம நாட்டுக்கு வரணுமே" என்றார் டாக்டரம்மா.

வருவதற்கு என்ன தடை? என் கூடப்பிறந்தவன்தான் தடை. அறிக்கை வந்த சூட்டோடு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் மாத்திரை கடைக்கே வந்துவிட்டது. இங்கே இவன் பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பித்தான். நம் நாட்டு வெயிலில் மாத்திரை கெட்டுப்போகாது என்பதற்கு என்ன ஆதாரம் என்று மருந்து கம்பெனியைக் கேட்டான்.

பதிலை நகலெடுக்கக் கம்பெனி ஏஜெண்ட் என் கடைக்கு வந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அக்கா, கூட்டத்துல அந்த வெயில் விஷயத்தைப் பார்த்தது யாருன்னு நினைக்கிறீங்க? உங்க தம்பிதான். கெடாதுன்னு எழுதினதும் அவர்தான். அவர் எழுதினதையே ஜெராக்ஸ் போட்டு அவருக்கே பதிலா அனுப்புறேன்!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் இவனே, பூசாரியும் இவனே. அன்று மாலை வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, நீ எழுதினதை நீயே நம்ப மாட்டியா?"

"அது அங்க எழுதினது அக்கா. அஞ்சு பேர்ல ஒருத்தனா எழுதினேன். இங்க நான்தான் பொறுப்பு."

"அப்ப மூளையை அங்கயே வெச்சுட்டு வந்துட்டியா?"

"உனக்குப் புரியாது. முறைன்னு ஒண்ணு இருக்கு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனையாவது சேர்த்துக்கொள்ளலாம். இவன் அங்கே நாலு கால் என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இங்கே வந்து முயலைக் கொண்டுவா என்கிறான். அந்தப் பதிலுக்கும் ஒரு கேள்வி அனுப்பினான்.

பொறுத்துப் பார்த்தேன். பிறகு பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போய், ஒரு பெட்டி மாத்திரை வாங்கி வந்தேன். சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். "இங்க அனுமதி இல்லாத மருந்தும்மா" என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்படிப் பிடித்த மருந்து எங்கே போகும்? இவன் மேஜைக்குத்தான்.

"உன் பேரைப் பார்த்தேன் அக்கா. மாத்திரையை அழிக்கச் சொல்லிட்டேன். உன்மேல கேஸ் வராம பார்த்துக்கிட்டேன்" என்று பெரிய உபகாரம் செய்தவன்போல் வந்து சொன்னான். தூ! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். சட்டையில் தூசி பட்டதுபோல் தட்டிவிட்டுப் போனான்.

அதே வாரம் மகள் குளியலறையில் விழுந்தாள். நெற்றியில் தையல். மாத்திரை இங்கே வராதென்றால் மகள் அங்கே போகட்டும் என்று முடிவு செய்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்த்து, விடுதியில் இடம் பிடித்தேன். வழியனுப்ப மாமன்காரனும் பஸ் நிலையத்துக்கு வந்தான்.

"வேளாவேளைக்குப் போட்டுக்கோம்மா. நல்ல மருந்து. நானே பார்த்தது" என்றான்.

கேட்டீர்களா அநியாயத்தை! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான்.

போனதிலிருந்து அவள் ஒருமுறைகூட விழவில்லை. படிப்பை முடிக்கப்போகிறாள். தினம் காலையில் போன் செய்து, "போட்டுட்டேன்மா" என்பாள்.

போன வாரம் இவன் மறுபடி ஐந்து நாட்டுக் கூட்டத்துக்குப் போய்வந்தான். வந்ததும் வராததுமாகக் காலையிலேயே என் வீட்டுக்கு வந்து, மேடையில் தான் பேசியதைச் செல்போனில் போட்டுக் காட்டினான். 'நாடுகள் கைகோத்தால் நோயாளிக்கு எவ்வளவு நன்மை என்பதற்கு என் அக்கா மகளே சாட்சி' என்கிறான். கீழே உட்கார்ந்திருக்கும் நாலு நாட்டுக்காரர்களும் கைதட்டுகிறார்கள். கழுத்தில் புது அட்டை.

அப்போது மகளின் போன் வந்தது. "மாமா வந்திருக்கார்" என்று சொல்லி, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, அவன் கையில் கொடுத்தேன்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? நான் எப்ப நம்ம வீட்டுக்கே வந்துடலாம்?"

"சீக்கிரம் வந்துடலாம்மா. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. கம்பெனிக்கு எழுதியிருக்கேன்."



"சரி மாமா. அப்ப நான் இங்கயே வேலை தேடிக்கிறேன்" என்றாள்.