கும்பகோணம் போகாத பெட்டி

போன வாரம் மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனருக்குப் புது வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. அதைச் சுற்றி அடித்திருந்த மரச்சட்டங்களைப் பிரித்து மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். கதவைத் திறந்ததும் பைன் மர வாசனை. உங்களுக்கு அது நல்ல வாசனையாக இருக்கலாம். எனக்கு அது மூக்கில் ஏறியதும் வயிறு எரியும். காரணத்தைச் சொல்கிறேன். என் வழக்கப்படி கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும்.

எழுபதுகளில் டெல்லி சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பம் எது என்று கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால் போதும். பழைய புடவை போர்த்திய ஒரு மரப்பெட்டி மேல்தான் உட்காரச் சொல்வார்கள். ரிட்டயர் ஆனதும் சாமான்களைப் போட்டு ரயிலில் ஊருக்கு அனுப்புவதற்கான பெட்டி அது. அதுவரை நாற்காலி, அதுவே குழந்தைகளுக்கு எழுதும் மேசை. பீரோ, சோபா எல்லாம் ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்பது எங்கள் எல்லோருடைய கட்சி.

நான் இதில் கொஞ்சம் முந்திக்கொண்டவன். டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே, திரும்பிப் போவதற்குப் பெட்டி வாங்கிவிட்டேன். கோல் மார்க்கெட் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு பைன் மரப் பெட்டிகள். கொண்டுவந்து வைத்ததும் வீடு முழுக்க அந்த வாசனைதான். அதோடு விட்டேனா? போர்டு எழுதுகிற ஆளைக் கூட்டிவந்து, ஒரு பெட்டியின் பக்கவாட்டில் கறுப்புப் பெயின்டில் என் பெயரையும், கீழே பெரிய இங்கிலீஷ் எழுத்தில் கும்பகோணம் என்றும் எழுத வைத்தேன். ரிட்டயர் ஆக இன்னும் முப்பது வருஷத்துக்குமேல் இருந்தது. என் மனைவி மங்களம் எழுத்து காய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வண்டி எத்தனை மணிக்குங்க?" என்றாள்.

அந்த நாளில் டெல்லியில் ஜனம் பெருகிப்போச்சு என்று நாங்களும்தான் அலுத்துக்கொள்வோம். பஸ்ஸில் ஏற முடியவில்லை, கோடையில் குழாயில் தண்ணீர் வரவில்லை, எங்கிருந்துதான் வருகிறார்களோ இத்தனை பேர் என்போம். மெட்ராஸிலிருந்து வரும் ஒவ்வொரு ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் நம் ஆட்களும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தது எங்கள் கணக்கில் வராது. நாங்கள்தான் போகப்போகிறவர்களாயிற்றே!

ஆபீஸில் என் பக்கத்து சீட்டு பாண்டியன். திருநெல்வேலிக்காரர். என்னைப் போலவே அதே கிரேடு, அதே சம்பளம், அதே குவார்ட்டர்ஸ். எண்பத்திரண்டில் ஏஷியாட் விளையாட்டுப் போட்டிகள் முடிந்த சமயம். நகரம் யமுனையைத் தாண்டிப் போகப்போகிறது, அக்கரையில் வீடு கட்டும் சொசைட்டிகளுக்கு நிலம் தருகிறார்கள் என்று எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தார்.

"வே, நீரும் ஒரு ஆளாச் சேரும். நாலு நம்மாட்கள் சேர்ந்தா ஒரே மாடில இருக்கலாம்."

"ஜமுனாபாரா? அது டெல்லியே இல்லய்யா. அங்க மயிலும் மாடும்தான் இருக்கு. நான் ஊருக்குப் போறவன், எனக்கு எதுக்கு?"

"ஊருக்கு நானும்தான் போவேன். அதுக்காக இங்க ஒரு சொவரு வேண்டாமா வே?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இதைப் பெரிய தமாஷாகச் சொன்னேன். அங்கே வெறும் காடாச்சே என்று மகள் இந்தியில் சொல்லிச் சிரித்தாள். "உதர் தோ ஜங்கிள் ஹை, அப்பா!" மங்களம் மட்டும் சிரிக்கவில்லை. "சேர்ந்துதான் பாருங்களேன். மத்தவங்க சுவத்துக்கு எத்தனை வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறது?" என்றாள். நான் பெட்டியைத் தட்டிக் காட்டினேன்.

சில வருஷங்களில் பாண்டியன் வீடு கட்டி முடிந்து பால் காய்ச்சினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி முள்ளங்கி வயல் வழியாக நடந்தோம். 'காடுதானே' என்று எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது. கீழே கைப்பம்பை இரண்டு அடி அடித்ததும் பல் கூசுகிற குளிர்ச்சியில் தண்ணீர் கொட்டியது. அங்கே ஆரம்பித்தது எரிச்சல். மேலே போனால், பாண்டியன் ஸ்டூல் மேல் ஏறி நின்று சாமி படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சுவர்ப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி அடித்தார். மறுபடியும் பெயர்ந்தது.

"பாத்துய்யா, புதுச் சுவரு" என்றேன்.

"எஞ் சொவரு வே! எங்க வேணும்னாலும் அடிப்பேன்."

அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்து வந்த பொறாமை எனக்கு இன்றுவரை வேறு எதைப் பார்த்தும் வந்ததில்லை. அவருக்குப் பிரமோஷன் வந்தபோதுகூட நான் மனதார லட்டு தின்றவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீட்டில் ஒரு பெட்டியைக் காணோம். கும்பகோணம் பெட்டியேதான். பாண்டியன் மனைவி கோமதி அடுக்களையில் பரண் போடப் பலகை தேடுகிறாள் என்று மங்களம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"அதுல என் பேர் இருக்கே!"

"இருக்கட்டுங்க. அவங்க வீட்டுலயாவது இருக்கட்டும்."

பிறகு ஒரு கோடையில், வயல் முழுக்கக் கட்டடம் எழும்பி, ஆளாளுக்கு மோட்டார் போட்டு உறிஞ்சி, பாண்டியன் வீட்டுக் கைப்பம்பு வெறும் காற்றை இழுத்தது. அவர் ஆபீஸில் புலம்பியபோது 'அடடா' என்றேன். உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். எங்கள் குழாயிலும் சொட்டு இல்லை.

நான் ரிட்டயர் ஆவதற்குள் ஊரில் எங்கள் வீட்டை அண்ணன் தம்பிகள் விற்றுப் பிரித்துக்கொண்டாயிற்று. மகளுக்கு இங்கேயே வேலை. அக்கரையில் வீட்டு விலை நான் எட்டிப் பார்க்கிற உயரத்தில் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளிலிருந்து வாடகை வீடுதான். மிச்சமிருந்த பெட்டியில் சாமான்களை அடைத்தோம். அது மூன்று கிலோமீட்டர் பயணம் போயிற்று.

போன மாதம் பாண்டியன் வீட்டுக்குப் போயிருந்தோம். முள்ளங்கி வயல் இருந்த இடத்தில் மெட்ரோ தூண்கள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஒரு வரிசை. போகிற வழியில் சரோஜினி நகரைப் பார்த்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையையே இடித்துவிட்டு, அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் வாசல் வேப்பமரம் எந்த இடத்தில் நின்றது என்றுகூட என்னால் கை காட்ட முடியவில்லை.

பாண்டியன் மகன் அடுக்களையைப் புதிதாக மாற்றுகிறான். பரணைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பலகையின் அடிப்பக்கத்தில், நாற்பது வருஷக் கரிப்புகையைத் தாண்டி, என் பெயர் தெரிந்தது. கீழே கும்பகோணம்.

"உம்ம பலகைதானே வே. கொண்டுபோய் வீட்டுல மாட்டி வையும்" என்றார் பாண்டியன், துணியால் துடைத்துக்கொண்டே.

கையில் வாங்கினேன். வாசனை கொஞ்சம்கூட மிச்சமில்லை. மங்களத்தைப் பார்த்தேன். அவள் பாண்டியன் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார்ண்ணே" என்றாள்.