வெளியான நாளிலிருந்து மூன்று வருடம்

அம்மா இலக்கச் சீட்டு எடுத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார்.

நான் ஓர்லிகோனில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கடையில் வேலை செய்கிறேன். வாசலை ஒட்டி ஒரு திரை இருக்கிறது. வந்த காரணத்தைத் தொட்டால் சீட்டு வரும். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் மேசைக்கு மேலே இலக்கம் மாறியபோது வரிசை நாற்காலியிலிருந்து எழுந்தவர் அம்மா. டீட்டிகோனில் இருந்து ரயில் ஏறி, வேலைக்குப் போடும் கறுப்பு ஜாக்கெட்டோடு வந்திருந்தார்.

"என்னம்மா, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. இருக்கலாமோ?"

"இருங்கோ. வீட்டில சொல்லியிருக்கலாமே."

"வீட்டில சொன்னா பிறகு பாப்பம் எண்டுவாய். இஞ்ச அப்பிடிச் சொல்ல ஏலாதுதானே. நான் சீட்டு எடுத்திருக்கிறன்."

பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். அம்மா அவனுக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்றரை வருடத்துக்கு முன் நானே விற்ற போன். கீறல்கூட இல்லை. திரையில் ஒட்டிக்கொடுத்த கண்ணாடித் தாளை அம்மா ஞாயிறுதோறும் துடைப்பார்.

"டீன்ஸ்ட் வாற அப் திறக்குதில்லை," என்றார். "அப்டேட் செய்யச் சொல்லுது. அப்டேட்டுக்குள்ள போனா எல்லாம் சரியாத்தான் இருக்கு எண்டு சொல்லுது. ரெண்டில எது பொய் சொல்லுது மனே?"

வாங்கிப் பார்த்தேன். இரண்டும் உண்மையைத்தான் சொல்லின. வேலை நேரங்களை, அம்மா சொன்ன டீன்ஸ்டை, அனுப்பும் செயலி புதிய இயங்குதளத்தைக் கேட்டது. போனின் அமைப்புப் பக்கம், உங்கள் கருவி முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளது என்றது. இந்த மாடலுக்கு இனி ஒன்றும் வராது என்பதை அது தன் பாஷையில் அப்படித்தான் சொல்லும்.

எங்கள் கணினியில் தேடினேன். மாடலின் பெயருக்குப் பக்கத்தில் விற்பனை நிறுத்தப்பட்டது என்று இருந்தது. அதன் கீழே, புதுப்பித்தல்கள் முடிந்த மாதம். முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"எப்ப தொடக்கம் அப் திறக்கேல்ல?"

"ஆறு கிழமை இருக்கும்."

"ஆறு கிழமையோ? ஏன் சொல்லேல்ல?"

"வரும்தானே எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீதானே சொன்னனி, மூண்டு வருசம் வரும் எண்டு."

ஓம், சொன்னேன். விற்பனைப் பயிற்சியில் தந்த தாளில் அப்படித்தான் இருந்தது. மூன்று வருடப் புதுப்பித்தல். அடியில் சின்ன எழுத்தில், மாடல் சந்தையில் வெளியான நாளிலிருந்து என்று இருந்திருக்கிறது. நான் அதை வாசித்திருக்கிறேன். வாசித்தும் மனதில் வாங்கிய நாள் என்றே பதிந்துவிட்டது. அந்தப் போன் வெளியாகி ஒன்றரை வருடம் போனபிறகு விலை குறைத்தார்கள். குறைத்ததும் முதல் ஆளாக அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

அம்மாவுக்கு மட்டும் இல்லை. அம்மா டீட்டிகோனில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறார். அங்கே அவரோடு நான்கு தமிழ்ப் பெண்கள். ஒருவர் ஒரு போன் வாங்கினால் மற்றவர்களும் அதே போனைத்தான் வாங்குவார்கள், அதே நிறத்தில். ஒருவருக்குப் பழக்கினால் போதும், அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். "மேல இருந்து கீழ இழு, நீலக்கலர் வட்டம் வரும், அதை அமத்து" என்று அம்மா வீட்டுத் தொலைபேசியில் சொல்ல, எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தன் கைப்போனில் இழுத்து அமத்துவார். வேறு மாடல் என்றால் அந்த வட்டம் வேறு இடத்தில் இருக்கும். ஆகவே ஐந்து பேருக்கும் ஒரே போன், ஐந்தும் என் மேசையில் வாங்கியவை. அந்த மாதம் கடையில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள்.

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுகூட இல்லை. மட்டக்களப்புப் பக்கம் இருந்து ஓடி வந்து இங்கே சேர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் முடித்து, தொழிற்பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கியது எங்கள் வீட்டில் நான்தான் முதல். வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதம் எல்லாவற்றையும் பன்னிரண்டு வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சொல்கிறேன். நான் சொன்னால் அது எழுத்தில் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

"கீழ்வீட்டு அன்ரிக்கு அப்டேட் வந்திட்டுதோ?" என்று கேட்டேன். எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் இருப்பவர், அந்த நான்கு பேரில் ஒருவர்.

"அவ வேற போன் வாங்கிட்டா, போன மாசமே. எங்களைப் பாத்துச் சிரிக்கிறா. அக்கா, உங்கட மகன்ட கொம்பனி தீபாவளிக்கோ அப்டேட் அனுப்பும் எண்டு கேக்கிறா. மற்ற மூண்டு பேரும் நான் சொன்னபடியா பொறுத்திருக்கினம்." அம்மா குரலைத் தாழ்த்தினார். "அவவின்ட தம்பி இதே போனை வெளிக்கடையில வாங்கினவன். அவனுக்கு வந்திருக்கு. அப்ப எங்களுக்கும் வரத்தானே வேணும்?"

வராது. வெளிக்கடையில் வாங்கியதற்குத் தயாரித்தவர்களே நேரடியாக அனுப்புவார்கள், அதற்கு எங்கள் மூன்று வருடக் கணக்கு இல்லை. எங்களிடம் வாங்கியதில் திறக்கும்போது எங்கள் நிறுவனத்தின் சின்னம் வரும். அதற்கு வருவதை எங்கள் ஆட்கள் ஒருமுறை சோதித்துத்தான் விடவேண்டும். விற்பனையை நிறுத்திய மாடலை யாரும் சோதிப்பதில்லை. இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு வசனம் தந்திருக்கிறார்கள். அதையே அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"உங்கட கருவிக்கான ஆதரவுக் காலம் முடிஞ்சிட்டுது, அம்மா."

"முடிஞ்சிட்டுதோ," என்றார். பிறகு, "சரி," என்றார். போனை எடுத்துப் பைக்குள் வைத்தார். மேசைக்கு மேலே இலக்கம் மாறியது.

அன்று மிச்சம் மூன்று மணித்தியாலம் வேலை செய்தேன். ஒருவருக்கு வீட்டு இணையம் விற்றேன். எனக்குக் கவலையாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. காது அடைத்ததுபோல இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனபிறகுதான் முழுக் கதையும் வந்தது. அந்த இல்லத்தில் அம்மா எட்டு வருடமாக மணிக்கணக்கு வேலை. ஆள் தேவைப்படும்போது செயலியில் அறிவித்தல் வரும், முதலில் 'சம்மதம்' அழுத்துபவருக்கு அந்த வேலை. இந்தக் கோடையில் ஒரு நிரந்தர இடம் வருகிறது. அதை அவர்கள் 'ஃபெஸ்ட்' என்பார்கள். நிரந்தரம் என்றால் மாத அட்டவணை, சுகவீன விடுப்பு, முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போய்த் திரும்பிவர ஒரு வேலை. அம்மாவின் வலது முழங்கால் சிகிச்சையை வைத்தியர் இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். தள்ளிப்போடச் சொன்னது அம்மாதான். அந்த இடம் உனக்குத்தான் என்று மேற்பார்வையாளர் வசந்தத்தில் வாயால் சொல்லியிருந்தார்.

பிறகு ஆறு கிழமை, வந்த அறிவித்தல் ஒன்றுக்கும் அம்மாவிடமிருந்து பதில் இல்லை. நேரே கூப்பிட்ட சில நாட்கள் மட்டும் போய்வந்ததால் வீட்டில் நாங்கள் கவனிக்கவில்லை.

"நேர போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். என்ர மகன் அந்தக் கொம்பனியில வேலை, மூண்டு வருசம் வரும் எண்டு சொன்னவன், இந்தக் கிழமை வந்திடும் எண்டு சொன்னன். முதல் கிழமை சிரிச்சா. பிறகு சிரிக்கேல்ல."

"ஒரு புதுப் போன் வாங்கியிருக்கலாம் அம்மா. நான் எடுத்துத் தந்திருப்பன்."

"வாங்கினா நீ சொன்னது பொய் எண்டெல்லோ ஆகும்," என்றார் அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டு. மிகச் சாதாரணமாகச் சொன்னார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார், பிறகு கூட்டினார்.

அடுத்த நாளே புதுப் போன் கொண்டுவந்தேன். செயலி திறந்தது. மேற்பார்வையாளருக்கு ஜெர்மனில் எழுதி ஒரு சந்திப்புக் கேட்டேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். மொழிபெயர்க்க நானும் வரலாமென்றார்.

நடந்துதான் போனோம். முழங்காலுக்காக மெதுவாக. பாலத்தடியில் அம்மா நின்றார்.

"கேள். உள்ளுக்குப் போய்க் கொம்பனியைப் பற்றிக் கதைக்காத. உன்னைப் பற்றியும் கதைக்காத. போன் பழுது எண்டு மட்டும் சொல்லு."

"அப்ப பிழை உங்களிலதானே விழும்?"

"விழட்டும். நான் கூட்டுறனான். என்னில விழுந்தா ஆர் பாக்கப்போயினம்? நீ படிச்சனி. மகன் பிழையாச் சொல்லிப் போட்டான் எண்டு அந்தப் பொம்பிளையின்ர வாயில வரப்படாது."

"அம்மா, அது பெரிய விசயமில்லை. நான்தான் பிழை விட்டது எண்டு சொன்னா அவவுக்கு விளங்கும்."

"சொல்லாத," என்றார். பிறகு நடக்கத் தொடங்கினார்.

மேற்பார்வையாளரின் அறை சின்னது. மேசையில் ஒரு கிண்ணத்தில் சொக்லேட் இருந்தது. எடுக்கச் சொன்னார், நாங்கள் எடுக்கவில்லை. அவர் நல்லவர். அம்மாவுக்கு விளங்கவேண்டுமென்று ஆறுதலாகச் சொல்லுக்குச் சொல் பேசினார், என்னிடம் திரும்பியதும் வேகமாகப் பேசினார். அம்மாவின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றார். நிரந்தர இடத்தைத் தீர்மானிப்பது தான் மட்டும் இல்லை, நிர்வாகத்துக்கு ஒரு தாள் போகும் என்றார். அந்தத் தாளைக் காட்டினார். அம்மாவின் பெயருக்கு நேரே ஆறு கிழமைக்கும் 'பதில் இல்லை' என்று ஒரே வாசகம் வரிசையாக இருந்தது.

"ஏன் என்று அவர்கள் கேட்பார்கள்," என்றார். "நான் என்ன எழுதட்டும்?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"போன் பழுதாகிவிட்டது," என்றேன்.

"ஆறு கிழமையா?"

"ஓம்."

அவர் பேனையை எடுத்து எழுதவில்லை. என்னிடம் கேட்டார். "உங்கள் அம்மா உங்களைப் பற்றி ஏதோ சொன்னார். புதுப்பித்தல் வரும் என்று யாரோ அவருக்கு உறுதி சொன்னதுபோல. கடையில் அவருக்குத் தவறான தகவல் கொடுத்தார்களா? அப்படியென்றால் அது அவருடைய பிழை இல்லை. அதை நான் எழுதலாம்."

எழுதலாம் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார். எனக்கு அது விளங்கியது. அந்த ஒரு வரி அந்தத் தாளில் ஏறினால் போதும் என்பதும் விளங்கியது. ஜெர்மனில் அதைச் சொல்ல மூன்று வசனம் போதும். மூன்றும் என் வாயில் தயாராக இருந்தன.

"இல்லை," என்றேன். "யாரும் தவறாகச் சொல்லவில்லை."

அம்மா சொன்னதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு எழுதிவிடலாம். பாதி அப்படித்தான். மற்றப் பாதி என்னவென்று நான் தோண்டிப் பார்க்கவில்லை. கடையின் சின்னம் குத்திய சட்டையோடு நேரே வேலைக்குப் போவதற்காக வந்திருந்தேன், மேலே ஜாக்கெட். அதன் ஸிப்பை நான் அந்த அறையில் கடைசிவரை இறக்கவில்லை.

மேற்பார்வையாளர் எழுதினார். போன் பழுது. இரண்டு சொல்.

வெளியே வந்ததும் அம்மா, "நல்லாக் கதைச்சனி," என்றார்.

கடிதம் பத்து நாளில் வந்தது. வழக்கம்போல நான்தான் வாசித்தேன், ஒரு வரியும் விடாமல். அம்மாவின் பல வருட உழைப்பை மதிக்கிறார்கள். நம்பகமான தொடர்பு அவசியமான இடம் என்பதால் இம்முறை வேறொருவரைத் தெரிவு செய்திருக்கிறார்கள். மணிக்கணக்கு வேலை தொடரும்.

"ஆருக்கு?" என்று அம்மா கேட்டார்.

அது கடிதத்தில் இல்லை. பின்னேரம் கீழ்வீட்டு அன்ரி மேலே வந்து கதவருகில் நின்றபோது தெரிந்தது. செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"அக்கா, எனக்குக் குடுத்திட்டினம்."

"நல்லது பிள்ளை. உள்ளுக்கு வாவன், ஏன் வாசல்ல நிக்கிறாய்?"

"நான் உங்கட சொல்லைக் கேட்டுப் பொறுத்திருந்தா…"

"பொறுத்திருந்தா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிருக்கும். வா, தேத்தண்ணி குடி."

அன்ரி உள்ளே வந்து குடித்தார். வழமையான பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. போகும்போது என்னிடம், "தம்பி, மற்ற மூண்டு பேரையும் சனிக்கிழமை உன்ர கடைக்குக் கூட்டிக்கொண்டு வாறன், நல்லதாக் குடு," என்றார். நான் தலையாட்டினேன்.

அவர் போனபிறகு அம்மா கோப்பைகளைக் கழுவினார். நான் துடைத்து அடுக்கினேன். அப்பொழுதுதான் சொன்னேன்.

"அம்மா, அண்டைக்கு அந்த மேற்பார்வைப் பொம்பிளை என்னட்ட ஒண்டு கேட்டவ. கடையில பிழையாச் சொன்னவையோ எண்டு. ஓம் எண்டிருந்தா உங்களுக்குக் கிடைச்சிருக்கும். நான் இல்லை எண்டு சொன்னன்."

"தெரியும்," என்றார் அம்மா. "இருவது வருசம் இந்த நாட்டில இருக்கிறன் மனே. அவ கேட்டதும் விளங்கினது, நீ சொன்னதும் விளங்கினது."

அவர் குழாயை மூடினார். புதுப் போன் மேசையில் ஒருமுறை அதிர்ந்தது. அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தார், அழுத்தினார், பச்சை வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு ஆறரைக்கு," என்றார். "கிடைச்சிட்டுது."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வேலைச் சப்பாத்தை வாசலில் எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.