தேதிக்கோயாவின் பிப்ரவரி ஆறு

கல்லாயிப் பாலத்தின் நட்ட நடுவில் உஸ்ஸன்கோயா ஆசானுக்கென்று தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை அழுத்தி மிதித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ரம்லா, யார் மேலோ ஏற்றிவிட்டோம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகலை. இஞ்சினை நிறுத்து. மணி ஒன்பது இருபது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி இதே நிமிஷத்துலதான் வயலின் ராகவமேனன் கண்ணை மூடினார். ஒரு நிமிஷம் சும்மா இருப்போம்."

"கோயாக்கா, பின்னாடி லாரி!"

"லாரிக்காரனும் பாட்டுக் கேக்கறவன்தான். பொறுத்துப்பான்."

லாரிக்காரன் பொறுக்கவில்லை. ராகவமேனனின் ஆத்மா அன்று கேட்ட வார்த்தைகளை எந்த நினைவுக் கூட்டத்திலும் கேட்டிருக்காது. கோயா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு அறுபது விநாடியையும் எண்ணி முடித்தார். பிறகு, "ம், கிளட்ச்சை மிதி. முதல் கியர்" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல.

கோழிக்கோட்டில் அவரை உஸ்ஸன்கோயா என்று கேட்டால் வழி சொல்ல ஆள் தேட வேண்டும். தேதிக்கோயா என்றால் ஆட்டோக்காரனே கொண்டுபோய் இறக்கிவிடுவான். வயதில் இளையவர்களுக்கு அவர் கோயாக்கா, அதாவது கோயா அண்ணன். அவருடைய சுருதி டிரைவிங் ஸ்கூல் என்பது ஓர் அறை, ஒரு வெள்ளை கார், ஓர் ஆசான். ஆசானுக்கு வயது அறுபத்தொன்று. வெள்ளைச் சட்டை, பிரேக்கில் சிக்காதபடி மடித்துக் கட்டிய வேட்டி, காதோரம் ஒரு துளி அத்தர். சட்டைப் பையில் இரண்டு பேனா. பிறந்த நாளுக்குச் சிவப்பு, இறந்த நாளுக்குப் பச்சை. முதல் ரெக்கார்டு வெளிவந்த நாளை இரண்டு மையாலும் எழுதுவார்.

காலை ஆறு மணிக்குப் பாட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்குப் போன் போடுவது அவர் வழக்கம். "இன்னைக்கு உங்க வாப்பாவுக்கு எண்பத்தொன்பது" என்பார். தூக்கக் கலக்கத்தில் அந்தப் பிள்ளை, "அவர் போயே பதினேழு வருஷமாச்சு கோயாக்கா" என்று முனகும். "போயிட்டா வயசு ஏறாதா?" என்று கோயா திருப்பிக் கேட்பார். சமையல் கேஸ் என்றைக்குப் பதிவு செய்தீர்கள் என்று மனைவி சுகரா கேட்டால், ஏதோ ஒரு ஹார்மோனியக்காரரின் நூற்றாண்டுக்கு மறுநாள் என்று பதில் வரும். சுகராவும் இத்தனை வருஷத்தில் அதைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டாள்.

டிசம்பரில் இரண்டு நாள் அவர் காரில் ஹாரன் அடிக்கக் கூடாது. காது கேட்காமலே சிம்பொனி எழுதிய ஜெர்மன்காரருக்கு அது மரியாதை. ஏன் இரண்டு நாள் என்று கேட்டால் கோயாவின் முகம் வாடிவிடும். "ஞானஸ்நானம் பதினேழுன்னு எழுதி வச்சிருக்காங்க. பிறந்தது பதினாறான்னு யாரும் திட்டமா எழுதலை. இருநூத்தம்பது வருஷமா கவனிக்காம விட்டுட்டாங்க மோளே!" என்று, பக்கத்து வீட்டுக்காரர் செய்த தவறுபோல வருத்தப்படுவார்.

ரம்லாவுக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது. நாற்பத்தேழு வயது, குற்றிச்சிராவில் வீடு. பத்திரி என்கிற மெல்லிய அரிசி ரொட்டி சுட்டு ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறாள். ஆட்டோவை நம்பி நம்பி அலுத்துப்போய், பழைய மாருதி வேன் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தாள். லைசென்ஸ்தான் பாக்கி.

"இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?" என்று கோயா ஆரம்பிப்பார்.

"தெரியும். தேங்காய் வாங்கற நாள். இந்த வளைவுல இண்டிகேட்டர் எந்தப் பக்கம் போடணும்? அதைச் சொல்லுங்க."

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஜனவரிக் கடைசியில் ஒருநாள் ரம்லா வண்டியில் ஏறியதும் டெஸ்ட் தேதி கிடைத்துவிட்டதென்று காகிதத்தை நீட்டினாள். கோயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"பிப்ரவரி ஆறா? நடக்காது."

"ஏன் நடக்காது?"

"பாட்டுக்காரர் சாலியம் மாஹின் நினைவு நாள். அன்னைக்கு என் வண்டி நகராது. இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான். மைக் கட்டணும், நாற்காலி போடணும், எங்க பாட்டுக் கிளப்புக்குச் செயலாளர் நான்தானே. வேற தேதி வாங்கிக்கலாம்."

"வேற தேதி மூணு வாரம் தள்ளிப் போயிடும் கோயாக்கா. அதுக்குள்ள நோன்புல பத்து நாள் கரைஞ்சிடும். ராமநாட்டுக்கரை ஹோட்டல்காரன் நோன்பு மாசம் பூரா தினம் எண்ணூறு பத்திரி கேட்டிருக்கான். நானே கொண்டுவந்து இறக்கினா ஆர்டர் எனக்கு, இல்லைன்னா வேற ஆளுக்கு."

"மோளே, நீ கேக்கறது நியாயம்தான். ஆனா மாஹின் நாளை என்னால தள்ளி வைக்க முடியுமா?"

ரம்லா வண்டியை ஓரம் கட்டினாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாக, அவர் சொல்லாமலே கைபிரேக்கைச் சரியாக இழுத்தாள்.

"எனக்கும் அன்னைக்கு நினைவு நாள்தான். எங்க வாப்பா போனது பிப்ரவரி ஆறு. வருஷா வருஷம் அன்னைக்குப் பத்திரிக் கல்லை இறக்கி வச்சுட்டு யாசீன் ஓதி நாலு பேருக்குச் சோறு போடுவேன். இந்த வருஷம் டெஸ்ட்டுக்குப் போயிட்டு வந்து செய்யலாம்னு வச்சிருக்கேன். வாப்பா கோவிச்சுக்க மாட்டார்."

"யாரு உன் வாப்பா?"

"தபலா செய்தலவி."

கோயா காகிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். மாஹின் மொத்தம் பன்னிரண்டு ரெக்கார்டு கொடுத்தவர். அதில் ஒன்பதுக்குத் தபலா செய்தலவி. அந்த ஒன்பது உறைகளிலும் பாடியவர் பெயர் உண்டு, எழுதியவர் பெயர் உண்டு, அச்சடித்த கம்பெனியின் விலாசம்கூட உண்டு. செய்தலவி என்று ஓர் எழுத்து கிடையாது. இதெல்லாம் கோயாவுக்குத் தெரியும். இந்த ஆள் என்றைக்குப் பிறந்தார், என்றைக்குப் போனார் என்றுதான் தெரியாது. சிவப்பிலும் இல்லை, பச்சையிலும் இல்லை.

"மாஹினோட மூணாவது நினைவு நாள் கூட்டத்துல வாசிக்கத்தான் கிளம்பிட்டு இருந்தார்," என்றாள் ரம்லா. "புதுச் சட்டை. மேல் பட்டனைப் போட்டார். நெஞ்சு அடைக்குது மோளேன்னு கட்டில்ல உக்காந்தார். அவ்வளவுதான்."

கோயா அன்று அதற்குமேல் பாடம் நடத்தவில்லை. வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினார். மூன்றாம் நினைவு நாள் பக்கத்தைத் தேடி எடுத்தார். அவருடைய குண்டு குண்டான கையெழுத்துதான்:

'கூட்டம் நூற்றுப் பத்து பேர். தபலாக்காரர் வரவில்லை. சொல்லி அனுப்பவும் இல்லை. அரை மணி தாமதம். இனி இவரைக் கூப்பிடக் கூடாது.'

கடைசி வரிக்குக் கீழே அடிக்கோடு வேறு.

அந்தக் கூட்டம் முடிந்து நாலைந்து நாள் கழித்து, செய்தலவி இறந்துவிட்டாராம் என்று யாரோ சொன்னது மெல்ல ஞாபகம் வந்தது. என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் என்றைக்கு என்றைக்கு என்று துளைத்தெடுக்கிற மனுஷன், அன்றைக்கு ஒருநாள் கேட்கவில்லை.

"என்ன, தேதி ஏதாவது தப்பாயிடுச்சா?" என்று சுகரா எட்டிப் பார்த்தாள்.

"தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் கோயா. சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். சுகரா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

பிப்ரவரி ஆறாம் தேதி காலை ஆறரைக்கு ரம்லா வீட்டு வாசலில் வெள்ளை கார் வந்து நின்றது. கிளப்பிலிருந்து வந்த போன்களை அவர் எடுக்கவில்லை. டெஸ்ட் நடக்கும் சேவாயூர் மைதானத்தில் வரிசை நீளமாக இருந்தது. ரம்லா உதட்டுக்குள் என்னவோ ஓதிக்கொண்டிருந்தாள்.

"ரம்லா, அன்னைக்கு உங்க வாப்பாவைப் பத்தி நான் நோட்டுல ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். தப்பா எழுதிட்டேன்."

"என்ன எழுதினீங்க?"

அவர் ஒரு வரி விடாமல் சொன்னார். அடிக்கோட்டையும் சொன்னார்.

ரம்லா புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க வாப்பா ஒரு கூட்டத்துக்கும் லேட்டாப் போனவர் இல்லை. அதை எழுதுங்க. இப்போ கதவை விடுங்க, என் நம்பர் கூப்பிடறாங்க" என்றாள்.

எட்டுப் போடுவது இருசக்கரக்காரர்களுக்கு. கார்காரர்களுக்கு ஆங்கில எச். முன்னால் போய், பின்னால் வந்து, நட்டிருக்கும் கம்பி ஒன்றையும் தொடாமல் வெளியே வர வேண்டும். ரம்லா பின்னால் வரும்போது வலப்பக்கக் கம்பிக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரல்கூட இடமில்லை. வேலிக்கு வெளியே நின்ற கோயா, பிரேக் இருப்பதுபோல வலது காலை ஊன்றி மிதித்தார். பக்கத்தில் நின்றவர் தன் கால் மிதிபட்டு "ஆ" என்றார். கம்பி அசையவில்லை.

ரோட்டிலும் ஓட்டிக் காட்டிவிட்டு ரம்லா சிரித்துக்கொண்டு இறங்கினாள். "பாஸ்!"

"சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளப்புக்கு வாயேன்," என்றார் கோயா.

"வந்து? வயசானவங்க இருமறதை வரிசையா உக்காந்து கேக்கவா? எனக்கு வீட்டுல சோறு வடிக்கணும் கோயாக்கா. யாசீன் ஓத ஆள் வரும்." இரண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள். "உங்களுக்கும் ஒரு பாத்திரத்துல குடுத்து விடறேன். காலையிலேர்ந்து சாப்பிட்ட முகமாத் தெரியலை."

கிளப் என்பது அரிசி மண்டிக்கு மேலே உள்ள மாடி. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, மற்றவர்கள் மைக் கட்டி நாற்காலி போட்ட பிறகு செயலாளர் தாமதமாகப் படியேறி வந்தார். தலைவர் மம்மு, எண்பதைத் தாண்டியவர், முன்வரிசையிலிருந்தே வரவேற்றார்: "வாங்க தேதிக்கோயா. இன்னைக்கு என்ன தேதின்னு யாராவது சொன்னாங்களா?" மாடியே சிரித்தது. கோயா மூலையில் இருந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மாஹினின் படத்துக்கு மாலை போட்டார்கள். நாலு பேர் பேசினார்கள். கடைசியில், எல்லா வருஷமும்போல, மாஹினின் ரெக்கார்டு சுழன்றது. அந்தக் குரல் எழுந்து இரண்டு வரி போனதும் கோயா ஒரு குமிழை இடப்பக்கம் முழுதாகத் திருகினார், இன்னொன்றை வலப்பக்கம். குரல் போர்வைக்குள் போனதுபோல மங்கியது. அதுவரை அடியில் கிடந்த செய்தலவியின் தபலா எழுந்து மாடி முழுக்க நடந்தது.

"டேய் கோயா! பாட்டுக் கேக்கலைடா!" என்று மம்மு கைத்தடியைத் தட்டினார். பின்னால் இருந்தும் இரண்டு மூன்று குரல்கள். ஒருவர் எழுந்து வந்து குமிழுக்குக் கையை நீட்டினார்.

கோயா அந்த இரண்டு குமிழையும் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பாட்டு முடிகிறவரை எடுக்கவில்லை.